எண்ணப்பட்ட வாக்குகள் எங்கே போகின்றன? தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். பணியில் இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலராகவும், பின்னர் வாக்கு எண்ணும் மேற்பார்வையாளராகவும் பணியாற்றியிருக்கிறேன். எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருந்ததில்லை. இந்த மடலில் நான் எந்தக் கட்சிக்காகவும் பேச வரவில்லை. வாக்குகளுக்காகப் பேச வருகிறேன்.

ஒரு சட்டமன்றத் தேர்தலின் எண்ணிக்கை நாளில் என் மேசைக்கு எதிரே, கம்பி வலைக்கு அப்பால், ஒரு சிறிய கட்சியின் முகவராக ஓர் இளம்பெண் அமர்ந்திருந்தார். கட்டுப்பாட்டுக் கருவியின் திரையில் எண்கள் தோன்றத் தோன்ற, தம் வேட்பாளருக்கு மட்டுமல்லாமல் அனைவருக்கும் விழுந்த வாக்குகளைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். ஐந்தாறு சுற்றுகளிலேயே அவருடைய வேட்பாளர் மூன்றாம் இடம்தான் என்பது தெளிவாகிவிட்டது. மற்ற சிறிய கட்சிகளின் முகவர்கள் மதியத்துக்குள் எழுந்து போய்விட்டார்கள். அவர் கடைசிச் சுற்று வரை இருந்து, கூட்டலைச் சரிபார்த்து, புறப்படும்போது என்னிடம் கேட்டார்: "சார், எங்களுக்கு விழுந்த இந்த ஓட்டெல்லாம் இனி எங்க சார் போகும்?" தொகுதியின் இறுதி முடிவுத் தாளான படிவம் 20-இல் பதிவாகும் என்று நான் சொன்னேன். அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதிலைத்தான் இன்று உங்களிடம் கேட்கிறேன், ஏனெனில் அதைச் சட்டமாக எழுதும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

2006 சட்டமன்றத் தேர்தலை நினைவுகூருங்கள். தேசிய முற்போக்கு திராவிட கழகம் (தேமுதிக) கூட்டணியின்றி ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் நின்று, பதிவான வாக்குகளில் 8.38 விழுக்காட்டை, அதாவது 27 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. காங்கிரசுக் கட்சியும் அதே தேர்தலில் 8.38 விழுக்காடுதான் பெற்றது. முன்னதற்குக் கிடைத்தது விருத்தாசலம் என்ற ஒரே இடம். பின்னதற்கு 34 இடங்கள். 1.6 விழுக்காடு பெற்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 6 இடங்கள். அடுத்த தேர்தலில், 2011-இல், தேமுதிக அதிமுகவோடு சேர்ந்து 41 இடங்களில் மட்டும் நின்றது. அதன் வாக்கு விழுக்காடு 7.88 ஆகச் சற்றுக் குறைந்தது. இடங்களோ ஒன்றிலிருந்து 29 ஆக உயர்ந்தன; அக்கட்சியின் தலைவர் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 22 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற திமுகவுக்கு அந்த அவையில் 23 இடங்களே இருந்தன. ஏறத்தாழ மூன்று மடங்கு வாக்குப் பெற்ற கட்சிக்கு ஆறு இடங்கள் குறைவு.

இந்த ஒப்பீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. கூட்டணியில் நிற்கும் கட்சியின் வாக்குக் கணக்கில் தோழமைக் கட்சியினரின் வாக்குகளும் கலந்திருக்கும். அந்தக் கட்சி நிற்காத தொகுதிகளில் அதன் சொந்த ஆதரவாளர்கள் வேறொரு சின்னத்தில் வாக்களித்திருப்பார்கள். ஆகவே 2006-இல் காங்கிரசின் உண்மையான பலமும் தேமுதிகவின் உண்மையான பலமும் சமம் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் இந்த நுணுக்கமே சிக்கலின் மையத்தைக் காட்டுகிறது. நம் தேர்தல் முறையில் ஒரு சிறிய கட்சி தன் வாக்குகளை இடங்களாக மாற்றிக்கொள்ள வேண்டுமானால், அந்த வாக்குகளை முதலில் ஒரு பெரிய கட்சியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். மக்கள் கொடுத்த வாக்குக்குச் சட்டமன்றம் தராத மதிப்பை, தொகுதிப் பங்கீட்டுப் பேச்சுவார்த்தை தருகிறது.

காரணம் எளிய கணக்குதான். வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லிப் பார்க்கிறேன். 234 தொகுதிகள், தொகுதிக்கு 2 லட்சம் வாக்குகள் பதிவாகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சிக்கு ஒவ்வொரு தொகுதியிலும் 20,000 வாக்குகள் விழுந்தால் மொத்தம் 46 லட்சத்து 80 ஆயிரம் வாக்குகள் சேரும். ஆனால் ஓரிடத்திலும் முதலிடம் வராது, ஓர் உறுப்பினரும் கிடைக்க மாட்டார். அதே 46 லட்சத்து 80 ஆயிரம் பேர் 50 தொகுதிகளில் மட்டும் வாழ்ந்தால் தொகுதிக்கு 93,600 வாக்குகள் ஆகும். மும்முனைப் போட்டியில் அந்த ஐம்பதில் பெரும்பாலானவற்றை வெல்ல அது போதும். ஆதரவாளர்களின் எண்ணிக்கையும் அவர்களின் கருத்தும் மாறவில்லை. வீட்டு முகவரிகள் மட்டுமே மாறியிருக்கின்றன.

1996-ஆம் ஆண்டு முடிவுகளில் இது அப்படியே நடந்தது. வட மாவட்டங்களில் செறிவாக ஆதரவு கொண்டிருந்த பாட்டாளி மக்கள் கட்சி நான்கு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான வாக்குகளோடு 4 இடங்களை வென்றது. ஆதரவு மாநிலமெங்கும் பரவியிருந்த மதிமுக ஐந்தரை விழுக்காட்டுக்கு மேல் பெற்றும் ஓரிடமும் பெறவில்லை. அந்த ஆண்டு அதிமுக பெற்றது 21 விழுக்காட்டுக்கு மேல். அதற்கும் கிடைத்தவை 4 இடங்கள்தான். பரந்துபட்ட மக்களின் ஆதரவைப் பெறுவது ஒரு கட்சிக்கு நற்சான்றாக இருக்க வேண்டும். நம் முறையில் அதுவே தண்டனைக்குரிய குறையாகிவிடுகிறது.

இழப்பு எண்ணிக்கை நாளோடு முடிவதில்லை. அடுத்த தேர்தலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. "ஜெயிக்கிற கட்சிக்குப் போடு, ஓட்டை வீணாக்காதே" என்று திண்ணையில் சொல்லப்படும் அறிவுரையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். தனக்குப் பிடித்த கட்சியை விட்டுவிட்டு, தனக்குப் பிடிக்காத கட்சியைத் தோற்கடிக்கக்கூடிய இன்னொரு கட்சிக்கு வாக்களிப்பது அறிவுடைமை என்றாகிவிட்டது. தனித்து நிற்கும் கட்சி 'ஓட்டைப் பிரிக்க வந்த கட்சி' என்று பழிக்கப்படுகிறது. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாத அதன் வேட்பாளர் கட்டுத்தொகையையும் இழக்கிறார். இந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் கூட்டணிக்குள் வரும் கட்சிகளுள் சில, தமக்குரிய சின்னத்தையும் விட்டுக்கொடுத்து, பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்கச் சம்மதிக்கின்றன. 2021-இல் மதிமுக வேட்பாளர்கள் உதயசூரியன் சின்னத்தில்தான் நின்றார்கள். அப்படி வென்றவர், கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, தம்மை வேட்பாளராக நிறுத்திய கட்சியின் உறுப்பினராகவே அவையில் கருதப்படுவார். அதன் கொறடா உத்தரவு அவரைக் கட்டுப்படுத்தும். இடம் கிடைக்கிறது, குரல் போய்விடுகிறது. இது அந்தக் கட்சிகளின் கொள்கைப் பிடிப்பில் உள்ள குறை என்று நான் கருதவில்லை. வேறு வழி இல்லாத ஒரு முறைக்குள் அவை கண்டுபிடித்த வழி.

இதை ஏன் சிறிய கட்சிகளின் தலைவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். 2024 மக்களவைத் தேர்தலில் ஏறத்தாழ 47 விழுக்காடு வாக்குகளைப் பெற்ற ஓர் அணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் வென்றது. அதிமுக அணி பெற்ற ஏறத்தாழ 23 விழுக்காட்டுக்கும், பாஜக அணி பெற்ற ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்கும், தனித்து நின்ற நாம் தமிழர் கட்சி பெற்ற 8 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகளுக்கும் மக்களவையில் ஓர் இருக்கைகூட இல்லை. வென்றவர்கள் விதிப்படி வென்றார்கள். அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் வாக்களித்த தமிழ்நாட்டவருள் பாதிக்கு மேற்பட்டோர், தாங்கள் தேர்ந்தெடுக்க விரும்பிய ஒருவரும் இல்லாத ஒரு குழுவால் பிரதிநிதித்துவம் செய்யப்படுகிறார்கள். பத்தாண்டுகளுக்கு முன் நிலைமை தலைகீழாக இருந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். 2014-இல் திமுக 23 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றும் ஓரிடமும் பெறவில்லை. 44 விழுக்காடு பெற்ற அதிமுக 37 இடங்களை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் நாடு முழுவதும் வாக்கு எண்ணிக்கையில் மூன்றாம் இடம் பெற்ற பகுஜன் சமாஜ் கட்சி மக்களவையில் ஓர் உறுப்பினரும் இல்லாமல் நின்றது. இந்தச் சக்கரத்தில் இன்று மேலே இருப்பவர்களே முன்பு கீழே இருந்தவர்கள் என்பதால், வென்ற நிலையிலிருந்து நியாயம் பேச உங்களுக்குத் தகுதியும் உண்டு, அனுபவமும் உண்டு.

தேர்தல் ஆணையமோ, அரைகுறையாகவேனும், வாக்கின் மதிப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு மாநிலத்தில் 8 விழுக்காடு வாக்குகளைப் பெற்ற கட்சி, ஓரிடமும் வெல்லாவிட்டாலும், மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெறலாம். நாம் தமிழர் கட்சி அவ்வாறுதான் அங்கீகாரம் பெற்றது. சின்னம் வழங்கத் தகுதியானவை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட வாக்குகள், சட்டம் இயற்றும் அவையில் ஓர் இருக்கைக்குத் தகுதியற்றவை ஆகிவிடுவது எப்படி என்பது எனக்கு விளங்கவில்லை.

மாநிலங்களவை உறுப்பினர்களாகிய 18 பேரிடம் தனியாக ஒரு சொல். விகிதாசாரப் பிரதிநிதித்துவம், அதாவது வாக்கு விகிதத்துக்கேற்ப இடங்களைப் பகிர்வது, நமக்குப் புதியது என்று யாரேனும் சொன்னால், அதை மறுக்கும் உயிருள்ள சான்றுகள் நீங்களே. அரசமைப்புச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு, ஒற்றை மாற்று வாக்கு (வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறிக்கும் வாக்கு) வழியான விகிதாசார முறையில் உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஆறு இடங்கள் காலியாகும்போது, 234 உறுப்பினர்கள் கொண்ட சட்டமன்றத்தில் 34 பேரின் ஆதரவைத் திரட்டும் எவரும் வெல்ல முடியும். அதனால்தான் 2022-இலும் 2025-இலும் ஆளும் அணி நான்கு இடங்களும் எதிர்க்கட்சி இரண்டு இடங்களும் பெற்றன. தொகுதித் தேர்தலைப் போல, பெரும்பான்மை உள்ள அணியே ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே நிரப்பலாம் என்று விதி இருந்திருந்தால் ஆறும் ஒரே பக்கம் போயிருக்கும். சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குக்கு நாடு அளித்திருக்கும் இந்தப் பாதுகாப்பை, அவர்களைத் தேர்ந்தெடுக்கும் மக்களின் வாக்குக்கும் அளிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்தக் கேள்வி அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. 1949 ஜனவரியில் காஜி சையத் கரீமுதீன் என்ற உறுப்பினர் மக்களவைக்கு விகிதாசார முறை வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தபோது, அண்ணல் அம்பேத்கர் இரண்டு காரணங்களைச் சொல்லி மறுத்தார். அந்த முறைக்குப் பரவலான எழுத்தறிவு வேண்டும் என்பது ஒன்று. மக்களவை பல துண்டுகளாகச் சிதறினால் நிலையான அரசு அமையாது என்பது மற்றொன்று. அவருடைய காலத்தில் இரண்டும் பொருத்தமான கவலைகள். 1951 கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு 18 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. 2011-இல் தமிழ்நாட்டில் மட்டும் அது 80 விழுக்காடு. முதற்காரணம் காலத்தால் தீர்ந்துவிட்டது. இரண்டாவது காரணத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். நிலையான அரசு ஏழைக்குத்தான் முதலில் தேவைப்படுகிறது. அதனால்தான் தொகுதி முறையை ஒழிக்கச் சொல்லாமல், அதனோடு ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன்.

அதற்கு முன், நிலைத்தன்மையின் மறுபக்கத்தையும் தமிழர்களாகிய நாம் அறிந்தே இருக்கிறோம். இலங்கையில் 1970 தேர்தலில் மிகுதியான வாக்குகளைப் பெற்ற கட்சி ஐக்கிய தேசியக் கட்சிதான். அதற்குக் கிடைத்தவை 17 இடங்கள். அதைவிடச் சற்றுக் குறைவாகப் பெற்ற சுதந்திரக் கட்சி 91 இடங்களை வென்று, தோழமைக் கட்சிகளோடு மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட பெரும்பான்மையை அடைந்தது. அந்தப் பெரும்பான்மையைக் கொண்டுதான் 1972 அரசியலமைப்பு எழுதப்பட்டது. தமிழர்களின் ஒப்புதல் அதற்குத் தேவைப்படவில்லை. 1977-இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழப் பாதி வாக்குகளோடு 168-இல் 140 இடங்களைப் பெற்றது. ஏறத்தாழ 30 விழுக்காடு பெற்ற சுதந்திரக் கட்சி 8 இடங்களோடு ஒடுங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் செறிந்த ஆதரவு பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி ஏறத்தாழ ஆறரை விழுக்காடு வாக்குகளால் 18 இடங்கள் பெற்று எதிர்க்கட்சி ஆனது. 1978 அரசியலமைப்பு விகிதாசார முறைக்கு மாறியது. அந்த மாற்றம் அங்குள்ள தமிழரின் துயரைத் தீர்த்துவிடவில்லை. ஒரு தேர்தல் முறையால் அது முடியக்கூடியதும் அன்று. எனினும் பாதி வாக்கில் முழு அதிகாரம் குவிவதை 'நிலைத்தன்மை' என்று பெயரிட்டுப் பாராட்டுபவர்கள் அந்த வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும்.

நம்மைப் போலவே பிரிட்டனிடமிருந்து இந்த முறையைப் பெற்ற நியூசிலாந்தின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கு 1981-இல் சோஷியல் கிரெடிட் என்ற சிறிய கட்சி 20 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்று 2 இடங்களை மட்டும் வென்றது. 1978, 1981 ஆகிய இரு தேர்தல்களிலும் எதிர்க்கட்சியைவிடக் குறைவான வாக்குப் பெற்ற கட்சியே ஆட்சியில் அமர்ந்தது. அரசு ஆணையம் ஒன்று 1986-இல் கலப்பு முறையைப் பரிந்துரைத்தது. 1993 பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதை ஏற்றார்கள். 1996 முதல் அதுவே நடைமுறை. தொகுதி உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கட்சிகளின் வாக்கு விகிதத்தை ஈடுசெய்யும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். கூட்டணி அரசுகள் அமைகின்றன; அரசு கவிழ்ந்து நாடு தத்தளிக்கவில்லை.

நம் சட்ட ஆணையமும் 1999-இல் தன் 170-ஆவது அறிக்கையில், மக்களவை இடங்களை 25 விழுக்காடு உயர்த்தி அந்தக் கூடுதல் இடங்களைப் பட்டியல் முறையில் (கட்சிகள் தரும் பெயர்ப் பட்டியலிலிருந்து, அவற்றின் வாக்கு விகிதப்படி) நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது. அந்த அறிக்கை இன்றும் அறிக்கையாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது எப்படி இருக்கும் என்று 2024 எண்களைக் கொண்டு போட்டுப் பார்த்தேன். 39 தொகுதிகளோடு 10 ஈடுசெய் இடங்கள் சேர்ந்து 49 ஆகிறது என்று கொள்வோம். வென்ற அணி தன் பங்குக்கு மேல் ஏற்கெனவே பெற்றுவிட்டதால், பத்தும் மற்றவர்களுக்கு அவர்களின் வாக்குகளுக்கேற்பப் பிரியும். எந்தச் சூத்திரத்தைக் கையாளுகிறோம் என்பதைப் பொறுத்து அதிமுக அணிக்கு நான்கு அல்லது ஐந்து, பாஜக அணிக்கு நான்கு, நாம் தமிழர் கட்சிக்கு ஒன்று அல்லது இரண்டு இடங்கள் வரும். வென்ற அணியின் 39 பேரில் ஒருவரும் தம் இருக்கையை இழக்க மாட்டார். 49-இல் 39 என்பது அப்போதும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. நான் கேட்பது இவ்வளவு சிறியதுதான். அந்தச் சிறிய மாற்றமே இலட்சக்கணக்கான வாக்குகளுக்கு அவையில் ஒரு முகத்தைக் கொடுத்துவிடும்.

பட்டியல் முறை கட்சித் தலைமைக்குக் கூடுதல் அதிகாரம் தந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. தலைவருக்கு வேண்டியவர்களும் பணம் கொடுத்தவர்களும் பட்டியலின் உச்சியில் ஏறுவதைத் தடுக்க ஒரு வழி உண்டு. கூடுதல் இடங்களைத் தனிப்பட்டியலால் நிரப்பாமல், அந்தந்தக் கட்சியின் தோற்ற வேட்பாளர்களுள் மிகுதியான வாக்கு விழுக்காடு பெற்றவர்களைக் கொண்டே நிரப்பலாம். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நெடுங்காலம் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. கட்சிக்கெனத் தனியாக வாக்களிக்க வாக்காளருக்கு இரண்டாவது பொத்தானும் தேவைப்படாது, மக்களிடம் வாக்குக் கேட்டு வராத எவரும் அவைக்குள் நுழையவும் முடியாது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கான இடஒதுக்கீடு இந்த இடங்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

இந்த இடங்களில் பங்குபெற ஒரு கட்சி எட்ட வேண்டிய குறைந்த அளவு வாக்கு விழுக்காட்டை, அதாவது தகுதி வரம்பை, மாநில அளவில்தான் வைக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். நாடு முழுவதற்கும் 5 விழுக்காடு என்று ஒரு வரம்பை எழுதினால், 2014-இல் 37 இடங்களை வென்ற அதிமுகவே அதைத் தாண்டியிருக்காது. நாடளவில் அதன் பங்கு அப்போது 3.3 விழுக்காடு. மாநிலக் கட்சிகளின் தாயகமான தமிழ்நாட்டிலிருந்து செல்லும் நீங்கள் இந்த ஒரு வரியில் கவனமாக இருக்க வேண்டும்.

உங்களுள் சிலர், தங்களால் ஏற்கவே முடியாத கருத்துடைய கட்சிகள் இதனால் அவைக்குள் வந்துவிடுமே என்று தயங்கக்கூடும். எனக்கும் அப்படிப்பட்ட கட்சிகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு வாக்களித்தவர்கள் என் தெருவிலும் என் பழைய வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள். அவர்களின் பேச்சை அவையில் எதிர்கொண்டு மறுப்பதே உங்கள் பணி. எண்ணும் முறையைக் கொண்டு அவர்களை வெளியே நிறுத்துவது அந்தப் பணிக்கு மாற்றாகாது.

மக்களவை, சட்டமன்றம் இரண்டுக்கும் நேரடித் தேர்தல் தொகுதிவாரியாக நடக்க வேண்டும் என்று அரசமைப்பின் 81, 170 ஆகிய பிரிவுகள் சொல்வதால், இதற்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டும். அது ஓர் உறுப்பினரால் ஆகிற காரியம் அன்று. ஆனால் தொடங்குவது ஓர் உறுப்பினரால் ஆகும். 2015 ஏப்ரலில் திருநர் உரிமைகளுக்கான தனிநபர் மசோதாவை (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவை) மாநிலங்களவையில் நிறைவேறச் செய்தவர் தமிழ்நாட்டின் உறுப்பினர் திருச்சி சிவா. பல பத்தாண்டுகளாக எந்தத் தனிநபர் மசோதாவும் அப்படி நிறைவேறியிருக்கவில்லை. தொகுதி மறுவரையறை பற்றியும் இடங்களின் எண்ணிக்கை பற்றியும் நீங்கள் அவையில் பேசும் ஒவ்வொரு முறையும், கூடுதல் இடங்கள் எந்த முறையில் நிரப்பப்படும் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள பங்கைக் குலைக்காமல் மாநிலத்துக்குள்ளேயே இதைச் செய்யலாம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். உங்களுள் ஒருவர், எந்தக் கட்சியினராயினும், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் இதற்கென ஒரு தனிநபர் மசோதாவை முன்வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடந்த தேர்தல்களின் தொகுதிவாரி எண்களைக் கொண்டு கணக்கிட்டுத் தர ஆள் வேண்டுமென்றால், நானும், என்னோடு எண்ணும் மேசைகளில் அமர்ந்திருந்த ஆசிரியர் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

அன்று நோட்டை மூடி வைத்துவிட்டு என் பதிலுக்காக நின்ற அந்தப் பெண், வேறு ஏதேனும் ஒரு தேர்தலில் இன்னொரு மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கக்கூடும். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர்